விழாமல் போன இரும்பு

பெரு நாட்டின் கரையிலிருந்து மேற்கே சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் அடியில் வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. கிழக்குப் பசிபிக் முகடு என்று பெயர். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் இரண்டு அங்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இதைவிட வேகமாகப் பிரியும் கடலடி முகடு இன்று வேறில்லை. விரிசல்களில் இறங்கும் கடல்நீர் பாறைக்குழம்பின் அருகே போய்ச் சூடாகிறது. தன்னிடமிருந்த ஆக்சிஜனை இழக்கிறது, அமிலத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் அதற்குப் பாறையை அரிக்கும் பலம் வந்துவிடுகிறது. எரிமலைப் பாறையிலிருந்து இரும்பையும் மாங்கனீசையும் செம்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு, 350 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் மறுபடி கடலுக்குள் பீறிடுகிறது. மேலே இரண்டரைக் கிலோமீட்டர் நீரின் அழுத்தம் இருப்பதால் அது கொதித்து ஆவியாவதில்லை.

நான் சொல்லப்போவது அப்படிப் பீறிட்டு வெளிவரும் கரைந்த இரும்பின் கதை.

வெளியே வந்த கணமே அதற்குச் சாவு காத்திருக்கிறது. வெந்நீரிலுள்ள இரும்பின் செறிவு, சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். குளிர்ந்த நீரைத் தொட்டதும் அதில் ஒரு பங்கு கந்தகத்தோடு சேர்ந்து கருந்துகள்களாகிவிடுகிறது. 1979-இல் ஆழ்கடல் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் பார்த்த கரும்புகை அதுதான். மீதி இரும்பு ஆக்சிஜனோடு கூடித் துருவாகிறது. துருவுக்கு நீரில் கரையும் குணம் இல்லை என்றே சொல்லலாம். துகளோடு துகள் ஒட்டி, கனத்து, அடியில் படிகிறது. முகட்டின் இரு சரிவுகளிலும் இரும்பு மிகுந்த படிவுகள் பரந்து கிடப்பதை 1960-களிலேயே கண்டார்கள். அதனால் கடலடி வெந்நீர்த் துளைகளின் இரும்பு பிறந்த ஊரிலேயே மடிந்துவிடுகிறது, வெளிக்கடலின் கணக்கில் அதற்கு இடமில்லை என்ற முடிவு பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. வேதியியலைப் படித்தவர் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அதே வெந்நீரில் இரும்போடு இன்னொன்றும் வெளியே வந்தது: ஹீலியம்-3. பூமி உருவானபோது உள்ளே அடைபட்ட வாயு அது. எதனோடும் வினைபுரியாது, எதிலும் ஒட்டாது, படியாது. நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். 1981-இல் ஜான் லப்டன், ஹார்மன் கிரெய்க் என்ற இருவர் தெற்குப் பசிபிக்கில் 15 டிகிரி தெற்கு அட்சரேகையை ஒட்டி இந்த வாயுவை அளந்தார்கள். சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், முகட்டிலிருந்து மேற்கு நோக்கி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்ட ஒரு நாக்கு போல ஹீலியம் பரவியிருந்தது. முகட்டு வெந்நீர் எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. கூட வந்த இரும்பு என்ன ஆனது என்று அளந்து பார்க்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

ஏன் அத்தனை காலம்? காரணம், கடலில் இரும்பு அவ்வளவு சொற்பம்.

பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இரும்பு. தனிமங்களில் அதற்கு நான்காம் இடம். கடலிலோ கதை தலைகீழ். ஆழ்கடலில் ஒரு லிட்டருக்கு அரை நானோமோல் அளவில்தான் கரைந்த இரும்பு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அந்த ஒரு மாத்திரை இரும்பைச் சேர்க்க ஆழ்கடல் நீர் இருபது லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் மேல்நீரில் தேடினால் ஒரு கோடி லிட்டர்கூடப் போதாமல் போகலாம். இந்த அளவைக் கண்டறியப் போகிற கப்பலோ முழுக்க இரும்பு. கம்பிவடம் இரும்பு, பாரந்தூக்கி இரும்பு, தளத்தில் பறக்கும் தூசியில் துரு. அதனால்தான் 1970-கள் வரை வெளியான அளவுகளில் பெரும்பாலானவை உண்மையைவிடப் பல மடங்கு கூடுதல். அவர்கள் அளந்ததில் கடலின் பங்கு கொஞ்சம், கப்பலின் பங்கு அதிகம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தில் இருந்த ஜான் மார்ட்டின். இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்டவர். உலோகம் படாத குப்பிகள், கெவ்லார் இழை வடம், வடிகட்டிய காற்று ஓடும் அறை, அமிலத்தில் பலமுறை ஊறவைத்த பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு படியிலும் இரும்பை விரட்டிய பிறகே கடலின் இரும்பு கண்ணுக்குத் தெரிந்தது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான். பெரிய கருத்துகள் எல்லாம் இந்தக் கழுவலுக்குப் பிறகு வந்தவை. ‘கரைந்த’ என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு நடைமுறை எல்லை உண்டு: 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைத் தாண்டிப் போவது கரைந்தது, தங்கிவிடுவது துகள். அந்தத் துளையைக் கடக்கக்கூடிய மிக நுண்ணிய துருத் துகள்களும் கரைந்த கணக்கில்தான் சேரும். நம் இரும்பின் பிழைப்புக்கு இது முக்கியம், பிறகு வருகிறேன்.

2013-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தின் அமெரிக்க ஆய்வுக் கப்பல் ஒன்று தென் அமெரிக்கக் கரையிலிருந்து தாஹிட்டி வரை பசிபிக்கின் குறுக்கே போனது. நிலையம் நிலையமாக நின்று, மேல்நீரிலிருந்து தரை வரை நீர் எடுத்தார்கள். 2015-இல் ஜோசப் ரெசிங்கும் உடன் பணியாற்றியவர்களும் முடிவை வெளியிட்டார்கள். முகட்டுக்கு மேற்கே, அதே 2,500 மீட்டர் ஆழத்தை ஒட்டி, கரைந்த இரும்பின் செறிவு சுற்றியுள்ள நீரைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. நூறு கிலோமீட்டரில் அது மறையவில்லை. ஆயிரத்திலும் மறையவில்லை. நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டியும், பயணம் முடிகிற இடம் வரைக்கும், ஹீலியம் போன வழியிலேயே இரும்பும் போயிருந்தது. அந்த ஆழத்தில் நீர் நகரும் வேகத்துக்கு இந்தத் தூரத்தைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக்சிஜன் உள்ள நீரில் சில மணி நேரத்தில் துருவாகிவிட வேண்டிய பொருள் இது.

இந்தியப் பெருங்கடலிலும் இதே கதை நடக்கிறது. மத்திய இந்திய முகட்டிலிருந்து கிளம்பும் இரும்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். வெந்நீர்த் துளைகள் ஆண்டுதோறும் ஆழ்கடலுக்குச் சேர்க்கும் கரைந்த இரும்பு மூன்று முதல் நான்கு கிகாமோல் என்று ரெசிங் குழு மதிப்பிட்டது. எடையில் சொன்னால் 1.7 லட்சம் டன்னிலிருந்து 2.2 லட்சம் டன் வரை. முந்தைய மதிப்பீடுகளைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

சரி, எப்படிப் பிழைத்தது?

தனியாக இருந்திருந்தால் பிழைத்திருக்காது. கடல்நீரில் கரைந்துள்ள இரும்பில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஏதேனும் ஒரு கரிம மூலக்கூறின் பிடியில் இருக்கிறது. லிகண்டுகள் என்று அவற்றை அழைக்கிறார்கள். இறந்த உயிரிகள் சிதையும்போது வருபவை சில. மட்கிய பொருள்கள் சில. பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடிப்பதற்கென்றே செய்து வெளியே விடும் சிடரோஃபோர்கள் சில. இவற்றின் பிடி எத்தனை உறுதியானது என்பதற்கு மருத்துவமனையில் சான்று இருக்கிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்பு மிஞ்சிப் போய்விடும். அதை வெளியேற்றக் கொடுக்கும் டெஸ்ஃபெரியாக்ஸமின் என்ற மருந்து, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த சிடரோஃபோர்தான். அதே குடும்பத்து மூலக்கூறுகளைக் கடல்நீரிலும் கண்டிருக்கிறார்கள். வெந்நீர்த் துளைகளின் அருகே உயிர்கள் மண்டிக் கிடக்கின்றன, அங்கே கரிமப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2009-இல் வந்த ஓர் ஆய்வு, கிழக்குப் பசிபிக் முகட்டின் புகையிலேயே கரிமப் பூச்சுக்குள் இரும்பு துருவாகாமல் பழைய நிலையிலேயே காக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டின் மிக மிக நுண்ணிய துகள்களாகவும் ஒரு பகுதி இரும்பு தப்பிக்கிறது. அவை எளிதில் துருப்பிடிப்பதில்லை, எளிதில் படிவதும் இல்லை. வடிகட்டியின் துளையைக் கடந்துவிடுவதால் அவையும் ‘கரைந்த’ கணக்கில் வருகின்றன.

2017-இல் ஜெசிகா ஃபிட்சிமன்ஸ் குழு இதில் இன்னொரு நுட்பத்தைக் கண்டது. மேற்கே போகப்போக இரும்பு நாக்கு ஹீலியம் நாக்கைவிட்டுக் கீழே இறங்குகிறது. மொத்தத்தில் சுமார் 350 மீட்டர். இரண்டும் ஒரே நீரில் மிதந்து போனால் இப்படி விலக வழியில்லை. அப்படியென்றால் இரும்பு இடையிடையே துகள்களில் ஏறிச் சற்றுக் கீழே இறங்கி, அவற்றை விட்டு மறுபடி நீரில் கரைந்து, மறுபடி இன்னொரு துகளில் ஏறி, இப்படியே போயிருக்கிறது. பிடிப்பதும் விடுவதுமாக நாலாயிரம் கிலோமீட்டர். அந்தக் கட்டுரையில் உள்ள இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. யாரும் பார்க்க முடியாத ஓர் அணுவின் நடத்தை, இரண்டு நாக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் எழுதப்பட்டிருக்கிறது.

கடலுக்குள் இரும்பு வருவதற்கு இது ஒன்றே வழியல்ல. அதிகம் பேசப்படுவது பாலைவனத் தூசி. சஹாராவில் கிளம்பும் புழுதி காற்றோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் வரை போகிறது. அதிலுள்ள இரும்பில் மிகச் சிறு பங்குதான் கடல்நீரில் கரையும். வழியில் வளிமண்டல அமிலங்கள் பட்டால் கொஞ்சம் கூடும். ஆனாலும் தூசியின் அளவு பெரிது என்பதால் அந்தச் சிறு பங்கே போதும். இரும்பின் ஐசோடோப்புகளை அளந்த டிம் கான்வேயும் சேத் ஜானும், வடக்கு அட்லாண்டிக்கில் கரைந்த இரும்பில் 71 முதல் 87 சதவீதம் சஹாராத் தூசியிலிருந்து வந்தது என்று 2014-இல் கணக்கிட்டார்கள். கண்டத்திட்டுச் சேறு இன்னொரு வழி. பெருக் கரையோரத்தில் ஆக்சிஜன் அற்றுப்போன அடிநீரில், சேற்றிலுள்ள துரு மறுபடி கரையும் இரும்பாக மாறி நீருக்குள் கசிகிறது. 2013-இல் போன அதே கப்பல் பயணத்தின் தொடக்கத்தில் இதையும் அளந்தது. ஆறுகள் நிறையக் கொண்டுவந்தாலும் உப்புநீரைத் தொட்டதும் கழிமுகத்திலேயே பெரும்பகுதி படிந்துவிடுகிறது. பனிப்பாறை உருகும் இடங்களில் உள்ளூர் அளவில் கொஞ்சம் சேர்கிறது.

ஆக, எல்லாக் கடலுக்கும் ஒரே இரும்பு இல்லை. வடக்கு அட்லாண்டிக்கின் நீர் பெரும்பாலும் பாலைவனத்தைக் குடிக்கிறது. தெற்குப் பசிபிக்கின் நடுப்பகுதிக்குத் தூசி கிட்டத்தட்ட எட்டுவதே இல்லை, அங்கே ஆழத்தில் முகட்டின் இரும்புதான் ஆட்சி செய்கிறது.

இந்த முகட்டு இரும்பு ஆழத்திலேயே கிடந்தால் உயிருக்கு அதனால் என்ன பயன்? வெளிச்சம் இருக்கும் மேல்நீருக்கு அது வர வேண்டும். ஆழ்நீர் பெருமளவில் மேலேறும் இடம் தென்பெருங்கடல். மேற்குக் காற்று ஓயாமல் மேல்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க, பசிபிக்கின் ஆழநீர் அந்த இடத்தை நிரப்ப எழுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே ஏராளம். இருந்தும் தாவர மிதவை உயிரிகள் குறைவு. இந்தப் புதிருக்கு இரும்புப் பஞ்சம் காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் 1930-களிலேயே எழுந்தது. அதைச் சோதிக்க அன்று சுத்தமான நீர் இல்லை. ஜான் மார்ட்டின்தான் 1988-இல் வடபசிபிக் நீரைக் குப்பியில் எடுத்து, துளி இரும்பு சேர்த்தால் உயிரிகள் பெருகுவதைக் காட்டினார். அரை டேங்கர் கப்பல் இரும்பு கொடுத்தால் பனியுகத்தையே வரவழைப்பேன் என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. குப்பிக்கு வெளியே, திறந்த கடலில் சோதித்துப் பார்க்கும் திட்டத்தையும் அவரே முன்னின்று வகுத்தார். 1993 ஜூனில் இறந்துபோனார். அந்த அக்டோபரில், கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே, 64 சதுர கிலோமீட்டரில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்து விட்டார்கள். கடல் பச்சை பூத்தது. 1995-இல் செய்த இரண்டாம் சோதனையில் இன்னும் அடர்த்தியாகப் பூத்தது.

உயிருக்கு ஏன் இந்தத் தட்டுப்பாடு? ஒளிச்சேர்க்கை தோன்றிய காலத்துக் கடலில் ஆக்சிஜன் இல்லை, இரும்பு கரைந்தே கிடந்தது. எளிதாகக் கிடைத்த பொருளை வைத்து உயிர் தன் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டது. அந்த இயந்திரம் வெளியிட்ட ஆக்சிஜனே பிற்பாடு இரும்பைத் துருவாக்கிக் கடலடியில் படிய வைத்தது. அப்படிப் படிந்தவைதாம் உலகெங்கும் உள்ள பட்டை இரும்புப் பாறைகள். சேலத்துக் கஞ்சமலையின் மேக்னடைட் அடுக்குகளும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் கடலில் கரைந்திருந்த இரும்பைத்தான் நம் முன்னோர் அங்கே வெட்டி உலையில் இட்டார்கள்.

மேலேறி வந்த முகட்டு இரும்பைத் தென்பெருங்கடலில் முதலில் கவ்விக்கொள்பவை டயாட்டம் போன்ற நுண்ணுயிரிகள். அண்டார்க்டிக் முனைமுகம் எனப்படும் நீரெல்லைக்குத் தெற்கே, மேல்நீரிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் கரிமத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை வெந்நீர்த் துளைகளின் இரும்பால் சாத்தியமாகிறது என்பது ரெசிங் குழுவின் கணினி மாதிரி தந்த விடை. மாதிரியின் விடை என்பதால் அந்த எண்ணை நான் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்கிறேன். ஆனால் தென்பெருங்கடலில் மிதக்கவிட்ட தானியங்கிக் கருவிகள், வெந்நீர்த் துளைகளின் கீழ்நீரோட்டப் பகுதியில் பெரிய பசும்பூப்புகளைப் பதிவு செய்ததை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திசை சரி என்றே படுகிறது.

டயாட்டத்தைக் கிரில் தின்கிறது, கிரிலைத் திமிங்கிலம் தின்கிறது. திமிங்கிலம் கழிக்கும் இடம் பெரும்பாலும் மேல்நீர். அந்தக் கழிவில் இரும்பின் செறிவு சுற்றியுள்ள அண்டார்க்டிக் நீரைப் போல ஒரு கோடி மடங்கு என்று 2010-இல் அளந்திருக்கிறார்கள். அதாவது ஆழத்துக்கு இறங்கிப் போயிருக்க வேண்டிய இரும்பு, இந்த உடல்கள் வழியாக வெளிச்சத்திலேயே மறுசுற்றுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் தென்கோளத்தில் மட்டும் இருபது லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். எண்ணெய்க்காகச் செய்த அந்தக் கொலையில், கடல் தன் இரும்பை மேலே தூக்கிப் பிடித்திருந்த கைகளையும் வெட்டிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

இன்று இரும்பைக் கடலில் கொட்டி வளிமண்டலக் கரியைக் குறைக்கலாம் என்ற யோசனை மறுபடி தலைதூக்குகிறது. 2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து தெற்கு அட்லாண்டிக்கில் லோஹாஃபெக்ஸ் சோதனையைச் செய்தார்கள். 300 சதுர கிலோமீட்டரில் டன் கணக்கில் பெர்ரஸ் சல்பேட் இட்டார்கள். பூப்பு வந்தது, ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு என்பதால் டயாட்டங்கள் தழைக்கவில்லை. வளர்ந்த சிற்றுயிர்களைக் கோப்பிபாடுகள் மேய்ந்தன, அவற்றை ஆம்ஃபிபாடுகள் தின்றன. ஆழத்துக்கு இறங்கிய கரி மிகக் குறைவு. அந்தச் சோதனையை நான் தோல்வியென்று சொல்ல மாட்டேன், நேர்மையான பதில் அது.

கொட்டுபவர்கள் கணக்கில் சேர்க்கத் தவறுவது பிடிக்கும் கைகளை. 1995 சோதனையில் இரும்பு இட்ட இரண்டு நாட்களுக்குள் அந்த நீரில் லிகண்டுகளின் அளவு பல மடங்கு கூடியிருந்ததைக் கண்டார்கள். இரும்பு வந்ததும் உயிர் அதைப் பிடித்துவைக்க மூலக்கூறுகளை வெளியே விட்டிருக்கிறது. அப்படியும் இட்ட இரும்பில் பெரும்பகுதி விரைவிலேயே துகளாகி இறங்கிப்போனது, அதனால்தான் அந்தச் சோதனையில் ஒரே தவணையோடு நிறுத்தாமல் மறுபடி மறுபடி இட வேண்டியிருந்தது. முகட்டின் இரும்பு நாலாயிரம் கிலோமீட்டர் போனது அதன் அளவினால் இல்லை. வெந்நீர் கக்கியதில் பெரும்பகுதி சரிவிலேயே படிந்துவிட்டது. துணை கிடைத்த சிறு பங்கு மட்டும் கிளம்பிப் போனது. எந்த மூலக்கூறு, எந்த ஆழத்தில், எவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்பதைத்தான் ஜியோட்ரேசஸ் கப்பல்கள் இப்போது ஒவ்வொரு பெருங்கடலிலும் குப்பி குப்பியாக அளந்துகொண்டிருக்கின்றன.